மண்ணுக்குள் புகுவதா, மண்ணால் எழுப்புவதா?



வீடு கட்டுதல் என்பது நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே செய்யும் காரியம். அயல்நாட்டில் பத்தாண்டு உழைத்துச் சேர்த்த பொருளும், மனைவியின் நகையும், உடன்பிறந்தோரிடம் பெற்ற கைமாற்றும் ஒன்றுசேர்ந்தே நான்கு சுவர்களாகின்றன. ஆகவே, அதில் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்புக் கிட்டுவது அரிது. இம்மாதம் அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் வளைகுடாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பினார். மரக்காணத்தில், உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஒரு மனைக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். ஒருநாள் அஸருக்குப் பின் தம் தாயாரையும் அழைத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்து, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். புல் மூடிய சிறு குன்று. அதன் வயிற்றில் ஒரு கதவு, இரண்டு சாளரங்கள்.

"ஹஜ்ரத், இது மண் மூடிய வீடு. வெயில் உள்ளே வராது. புயல் அடித்தாலும் மேலோடு போய்விடும். பாதி தரைக்குள்ளும் பாதி தரைக்கு மேலுமாக இப்படி ஒன்று கட்டலாம் என்றிருக்கிறேன். தங்கள் யோசனை வேண்டும்" என்றார்.

தாயாருக்கு அதில் சிறிதும் விருப்பமில்லை. "உயிரோடு இருக்கும்போதே மண்ணுக்குள் போக வேண்டுமா? நீங்களே கேளுங்கள், ஹஜ்ரத்" என்றார்.

நான் பொறியாளன் அல்லேன். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். ஆயினும் இவ்விஷயத்தில் வாய் திறக்க எனக்கு ஒரு தகுதி உண்டு. வீடு கட்டித் தவறிழைத்தவன் நான்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டைக் கட்டியபோது, மனையில் போட்ட போரில் உவர்நீரே கிடைத்தது. நல்ல நீரை லாரியில் வாங்கினால் செலவு கூடும் என்று தயங்கினேன். "சிமெண்டோடு கலந்துவிட்டால் உப்பு எங்கே தெரியப் போகிறது?" என்றார் மேஸ்திரி. நானும் சரியென்றேன். ஆறாம் ஆண்டில் தளத்தின் அடியில் பழுப்புக் கறை படர்ந்தது. ஒன்பதாம் ஆண்டில், ஐப்பசி மாதத்து இரவொன்றில், என் இளைய மகள் படுத்திருந்த பாயின் மேல் இரண்டு கையகலம் காரை பெயர்ந்து விழுந்தது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்து சென்றிருந்த நேரம் அது. அல்ஹம்துலில்லாஹ்! தலையணையின் மேல் கிடந்த அந்தக் காரைத் துண்டை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை.

கம்பி வைத்த கான்கிரீட்டில் கலக்கும் நீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று இந்தியத் தரநிலை 456 கூறுகிறது. மீறினால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் காரையைத் தள்ளும். இது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயலவுமில்லை. பிழை என்னுடையதே. ஆகவேதான் அந்த மாணவரிடம், "முடிவெடுக்குமுன் இருவரும் சேர்ந்து விசாரிப்போம்" என்றேன்.

மண் வீடு புதிதன்று

மண்ணுக்குள் வாழ்வது மனிதனுக்குப் புதிதன்று. துனீசியாவின் மத்மாத்தா ஊரில் தரையைக் கிணறுபோல் தோண்டி, அதன் சுவர்களைக் குடைந்து அறைகள் அமைத்து வாழ்ந்தனர். வடசீனத்தின் மஞ்சள் மண் மேட்டு நிலங்களில் குகை வீடுகளில் வாழ்வோர் கோடிக்கணக்கினர். மண்ணை மேலெழுப்பிக் கட்டியோரும் உளர். ஏமன் நாட்டின் ஷிபாம் நகரில் பச்சைச் செங்கல்லால் ஆன பல மாடிக் கட்டடங்கள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலுக்கும் சுடாத மண் கல்லே சுவர். பேரீச்ச மரமே தூண். அதன் ஓலையே கூரை. மண் வீடு ஏழ்மையின் அடையாளம், அதில் வாழ்வது இழிவு என்னும் எண்ணம் நம் மக்களிடையே எப்படி நுழைந்ததோ தெரியவில்லை.

ஆயினும் மண்ணை அறியாமல் கட்டினால் அது கொல்லும் என்பதையும் வரலாறு சொல்கிறது. 1556ஆம் ஆண்டு சீனத்தின் ஷான்சி நிலநடுக்கத்தில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பர். குகை வீடுகள் அவர்கள் மேல் இடிந்து விழுந்ததே இத்தனை உயிர் போனதற்குப் பெருங்காரணம். 2003ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஈரானின் பாம் நகர் அதிர்ந்தபோது அதன் மண் கட்டடங்கள் பொடியாகி, இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆக, கேட்க வேண்டிய கேள்வி மண் நல்லதா தீயதா என்பதன்று. எந்த ஊரில், எந்த மண்ணை, எந்த முறையில் பயன்படுத்துவது என்பதே.

குழி சொன்ன பாடம்

அம்மனைக்குச் சென்று ஆளரைக் குழி தோண்டிப் பார்ப்பதென முடிவு செய்தோம். மூன்றடி ஆழத்திலேயே நீர் ஊறிவிட்டது. விரலால் தொட்டு நாவில் வைத்தேன், உப்புக் கரித்தது. மழைக்காலம் முடிந்து மூன்று மாதமான பிறகும் இந்நிலை! ஐப்பசி, கார்த்திகையில் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அம்மழையில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பதிவாயிற்று. மரக்காணத்தின் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கி ஏரியாய்க் கிடந்ததை நாமெல்லோரும் கண்டோம். அந்நாளில் அங்கே தரைக்குள் ஒரு வீடு இருந்திருந்தால் அது தொட்டியாகியிருக்கும்.

நீர் வெளியே நின்றாலும் சுவரை விடாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், செங்கல்லும் மண்ணும் நிலத்தின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. சுவரின் முகத்தில் நீர் ஆவியாகும்; அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் தங்கிப் படிகமாகப் பருக்கும். அப்போது பூச்சு பொரிந்து உதிர்கிறது. நம் ஊரில் சுவர் பொரியாத வீடு எத்தனை உண்டு என்று எண்ணிப் பாருங்கள். மூன்று பக்கமும் உப்பு மண் அணைந்த சுவருக்கு இத்தொல்லை பன்மடங்காகும்.

இரண்டாவதாக, குளிர்ச்சி. நிலத்தடியில் போதிய ஆழம் சென்றால் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். அது அவ்வூரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியிருக்கும். குளிர்நாட்டிலும் இரவில் குளிரும் பாலைநிலத்திலும் அது பெரும் நன்மை. நம் கடற்கரையிலோ ஆண்டுச் சராசரியே 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. அதோடு காற்றில் ஈரம் மிகுதி. காற்றோட்டமில்லாத நிலவறையில் அந்த ஈரம் சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். இங்கு உடலுக்கு இதம் தருவது நிழலும் கடற்காற்றுமே அன்றி நிலவறை அன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் அறையின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு சாளரத் திறப்பு வேண்டும் என்று தேசியக் கட்டடத் தொகுப்பு கூறுவதும் இக்காரணம் பற்றியே. மூன்று பக்கம் மண் மூடிய அறையில் அதற்கு வழி ஏது?

மூன்றாவதாக, எடை. கூரையின் மேல் ஓர் அடி மண் பரப்பினால், மழையில் நனைந்த நிலையில் சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோவுக்கு மேல் நிற்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றின் மேல் மட்டும் ஆறு டன்! ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு வழக்கமாகக் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவே. அந்த ஆறு டன்னைத் தாங்கக் கம்பியும் சிமெண்டும் கூட்ட வேண்டும். உப்புக் காற்றில் அந்தக் கம்பி என்னவாகும் என்பதை என் வீட்டுத் தளமே சொல்லும்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவரின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் மண் வீடே கூடாதா, ஹஜ்ரத்?" என்றார். அதற்கு விடை தேடித் தெற்கே முப்பது கிலோமீட்டர் சென்றோம்.

அண்டையிலேயே ஒரு பாடசாலை

நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில், ஆரோவில் நகரம் இருக்கிறது. அங்குள்ள ஆரோவில் மண் கட்டடக் கலை நிறுவனம் 1989இல் ஹட்கோவின் ஆதரவுடன் தொடங்கப்பெற்றது. பல நாட்டவரும் வந்து மண்ணால் கட்டும் முறையைக் கற்றுச் செல்கின்றனர். அவர்கள் மண்ணுக்குள் புகவில்லை. மண்ணை இறுக்கிக் கல்லாக்குகிறார்கள்.

முறை எளியது. மேல்மண்ணை நீக்க வேண்டும். அதில் வேரும் மக்கும் உண்டு. அடியிலுள்ள செம்மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து, சிறிதளவே நீர் தெளித்து, கையால் இயக்கும் அழுத்து பொறியில் வைத்து அமுக்குகிறார்கள். வரும் கல்லை இருபத்தெட்டு நாட்கள் ஈரம் காயாமல் காக்கிறார்கள். சூளையும் இல்லை, விறகும் இல்லை. மண்ணில் பாதி மணலும், ஐந்தில் ஒரு பங்கு களியும், எஞ்சியது பருக்கையும் வண்டலுமாக இருந்தால் கல் சிறக்கும். கண்ணாடிப் புட்டியில் மண்ணை நீரோடு குலுக்கி வைத்தால் மணலும் வண்டலும் களியும் அடுக்கடுக்காகத் தங்கும். அளவை ஓரளவு நாமே கணித்துக்கொள்ளலாம்.

இதைக் கண்டபோது நம் உப்பளத் தொழிலாளர்களை நினைத்துக்கொண்டேன். மழைக்காலம் முடிந்ததும் அவர்கள் பாத்தியின் சேற்றை அகற்றி, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மிதிக்குப் பிறகே பாத்தி நீரை உறிஞ்சாமல் தாங்குகிறது. மண்ணின் வலிமை அதை இறுக்குவதில் இருக்கிறது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத நம் தாய்மார்களும் அறிவர்.

ஆரோவில்லின் பார்வையாளர் மையம் இத்தகைய கற்களால், வளைவுகளும் கவிமாடங்களுமாகக் கட்டப்பட்டது. 1992இல் அதற்கு 'ஏழைகளுக்கான கட்டடக் கலை'க்குரிய ஹஸன் ஃபத்ஹி விருது கிடைத்தது. அங்குள்ள விகாஸ் குடியிருப்பின் ஒரு கட்டடத்தில் கீழ்த்தளத்தைச் சற்றே தரைக்குள் இறக்கி, தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டே நான்கு தளங்களை எழுப்பியிருக்கிறார்கள். மேட்டு நிலமாதலால் அங்கு அது பொருந்துகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், பாதிக்கப்பட்ட பகுதிகளில் வீடு கட்டுவதற்கு, இந்நிறுவனத்தின் துளையுள்ள இணைப்புக் கல் முறையைத் தமிழக அரசும் ஏற்றது.

அந்த விருதுக்குப் பெயர் தந்த ஹஸன் ஃபத்ஹி எகிப்து நாட்டவர். 1900இல் பிறந்து 1989இல் மறைந்தவர். 1940களில் லக்சருக்கு அருகே 'புதிய குர்னா' என்னும் ஊரையே மண் கல்லால் வடிவமைத்தவர். அந்த மேதையின் முயற்சியிலும் நமக்கு இரு பாடங்கள் உண்டு. எவர்களுக்காக அவ்வூர் கட்டப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோர் குடியேற மறுத்தனர். அவர்களின் பிழைப்பு பழைய ஊரோடு பிணைந்திருந்தது. கவிமாடம் அடக்கத்தலத்துக்கே உரியது என்று அவர்கள் எண்ணியதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வாழப் போகிறவர் மனம் ஒப்பாத வீடு எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை. இதைச் சொன்னபோது மாணவர் தம் தாயாரை எண்ணிச் சிரித்தார். அடுத்த பாடம், பிற்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து, அதன் உப்பு சுவர்களில் ஏறி, அவ்வூரின் கட்டடங்களை அரித்தது. ஃபத்ஹியின் சுவரையே விடாத உப்பு நம் சுவரை விடுமா?

ஆகவே நம் கடற்கரையில் மண் வீட்டுக்கு இரண்டு காவல்கள் வேண்டும். ஒன்று, கால். கருங்கல்லால் கடைக்கால் எழுப்பி, நாம் அறிந்த பெருவெள்ளத்தின் மட்டத்துக்கு மேல் பேஸ்மட்டத்தை உயர்த்தி, அதன்மேல் ஈரம் ஏறாத் தடுப்புப் படலம் அமைத்து, அதற்குப் பிறகே மண் கல் தொடங்க வேண்டும். மற்றொன்று, தலை. சுவரை மழை அறையாதபடி கூரையின் இறவாணம் வெளியே நீள வேண்டும். அக்கூரை புயலில் பறக்காதபடி சுவரோடு இறுகப் பிணைக்கப்பட வேண்டும். உப்பளத்து மண் கல்லுக்கு ஆகாது. மேட்டு நிலச் செம்மண்ணையே கொணர வேண்டும். செம்மண் எடுக்கக் கனிமவளத் துறையின் அனுமதி தேவை. இரவில் வரும் சீட்டில்லாத லோடு மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் களவு மண்ணில் எழுந்த வீட்டில் என்ன பரக்கத் இருக்கும்?

விதி பகையன்று

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் கட்டுவது, பிறகு அனுமதிக்கு ஆள் பிடிப்பது. "மண் வீட்டுக்கு அனுமதி தர மாட்டார்கள், ஆகவே கேட்காமலே கட்டுவோம்" என்று அம்மாணவருக்கும் சிலர் யோசனை கூறியிருந்தனர். அது தவறான எண்ணம். நிலைப்படுத்திய மண் கல்லுக்கென்றே இந்தியத் தரநிலை 1725 இருக்கிறது. 2013இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. மண் கட்டடங்களை நிலநடுக்கத்துக்கு ஈடுகொடுக்கச் செய்யும் நெறிகளைத் தரநிலை 13827 என 1993லேயே வகுத்திருக்கிறார்கள். தரநிலைப்படி சோதித்த கல், பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடம் ஆகிய இரண்டோடும் சென்றால் அதிகாரியிடம் தலைநிமிர்ந்து பேசலாம்.

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. 2024 ஜூலையில் சிறு வீடுகளுக்குச் சுயசான்றிதழ் முறையும் வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு தளமோ கொண்ட குடியிருப்புக்கு இணையவழியே விண்ணப்பிக்கலாம். வழி எளிதானதால் பொறுப்பு குறைந்துவிடவில்லை. கையொப்பமிடுபவர் நாமே, பொய் உரைத்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நாமே.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகப் பார்க்க வேண்டியது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 1991இல் பிறந்து, 2011லும் 2019லும் புதுப்பிக்கப்பட்ட இவ்விதி கடலை ஒட்டிய நிலத்துக்கு மட்டும் உரியதன்று. ஓதம் ஏறி இறங்கும் கழிகளின் கரைகளுக்கும் உரியது. நம் பகுதியிலோ பக்கிங்காம் கால்வாயும், கழுவெளியைக் கடலோடு சேர்க்கும் உப்பங்கழியும் உள்ளன. கடல் தொலைவில் இருப்பதாக எண்ணி வாங்கிய மனை கழியின் கரையாக இருந்துவிடலாம். மாணவரின் மனை அவ்வாறே இருந்தது. மண்டல வரைபடத்தில் சர்வே எண்ணைப் பார்த்தபோது, அங்கு புதுவீடு எழுப்ப இயலாது என்பது தெரிய வந்தது. விற்க முன்வந்தவர் இதைச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

அன்று அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. கொடுத்த முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. இரண்டாண்டுச் சேமிப்பு போயிற்று என்று மட்டும் சொன்னார். மீதமுள்ள ஏழாண்டு உழைப்பு நீரில் இறங்காமல் தப்பியதே என்று நான் ஆறுதல் கூறினேன். ஆயினும் இழந்தவருக்கே இழப்பின் அருமை தெரியும்.

இப்போது அவர், தம் தாயாருக்கு வழிவழியாக வந்த ஊருக்குள்ளிருக்கும் சிறிய மனையில் கட்டுகிறார். வட்டிக்கு வாங்காமல், கையிலிருப்பதற்கு ஏற்ப இரண்டு அறைகளும் முன்புறம் திண்ணையும் மட்டும். கருங்கல் பேஸ்மட்டம் மூன்றரை அடி உயர்ந்திருக்கிறது. மண் கல் சுவர் சாளர மட்டத்துக்கு வந்துவிட்டது. தண்ணீரைச் சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்த்த பிறகே கலவைக்குச் சேர்க்கிறார்கள். மேற்கு வெயிலை மறைக்க வேம்பும் பூவரசும் நட்டாகிவிட்டது.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அங்கு சென்றிருந்தேன். அவருடைய தாயார் புதுச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மண்தான், ஹஜ்ரத், ஆனால் மேலேதான் நிற்கிறது. இதில் இருந்துகொள்கிறேன்" என்றார்.

வீடு கட்டவிருக்கும் அன்பர்களே! முன்பணம் கொடுக்குமுன் சர்வே எண்ணை வரைபடத்தில் பாருங்கள். மனையில் ஒரு குழி தோண்டி, எத்தனை அடியில் நீர் ஊறுகிறது என்று அறியுங்கள். கலவைக்குரிய நீரைச் சோதியுங்கள். படத்தில் கண்ட வீட்டை விரும்புமுன், அது எந்த நாட்டில், எந்த மண்ணில், எந்த மழையில் நிற்கிறது என்று கேளுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களையும் பெண்களையும் கலந்துகொள்ளுங்கள். அதில் நெடுநேரம் இருக்கப்போகிறவர்கள் அவர்களே. அவசரப்பட்டு என்னைப்போல் தலையணையில் காரைத் துண்டைக் காணும் நிலை எவருக்கும் வரவேண்டாம்.

நம் பிள்ளைகள் அச்சமின்றி உறங்கும் இல்லங்களை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.